மேடைக்கு அடியில் கேட்ட பாட்டு

எங்கள் வீட்டு முன்கதவு காற்று அடித்தால் படாரென்று சாத்திக்கொள்ளும். அதற்கு அடியில் ஒரு சின்ன ஆப்பு வைத்திருக்கிறேன். அரைச் சாண் நீளம். ஒரு பக்கம் உருண்டை, ஒரு பக்கம் சாய்வாக அறுத்தது. உருண்டைப் பக்கத்தில் ஏதோ ஆங்கில எழுத்து இருந்தது. தேய்ந்து தேய்ந்து இப்போது ஒரு கோடு மட்டும் மிச்சம். வீட்டுக்கு வருகிறவர்கள் அதைத் தாண்டித்தான் உள்ளே வருகிறார்கள். இது என்ன என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் சொல்லலாம் என்று பல வருஷம் இருந்தேன். கேட்கவில்லை. அதனால் எழுதி வைக்கிறேன்.

அந்த ஆப்பு என் மச்சான் அறுத்தது. மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். என்னைவிட ஆறு வயது மூத்தவர். எனக்குக் கல்யாணம் ஆன வருஷம் இரண்டு பேரும் எங்கள் ஊரான ராமாபுரத்திலிருந்து மைசூருக்கு வந்தோம். அங்கே அக்ரஹாரம் என்ற பகுதியில் ஒரு ஷாமியானா கடையில் வேலை. பந்தல், நாற்காலி, மேடை எல்லாம் வாடகைக்கு விடுகிற கடை. மேடை போடுவது எங்கள் இரண்டு பேர் பொறுப்பு. அப்போது இரும்பு மேடை வரவில்லை. சவுக்குக் கம்பை முட்டாக நிறுத்தி, மேலே குறுக்குச் சட்டம் போட்டு, கயிற்றால் இறுக்கி, அதன்மேல் பலகை பரப்புவோம். எவ்வளவு அளந்து வெட்டினாலும் முட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒரு விரல் சந்து விழும். அந்தச் சந்தில்தான் ஆப்பு. ஆப்பு இறுகினால் மேடை இறுகும். மச்சான் ஆப்புக்கு மூன்று அடிதான் கொடுப்பார். முதல் இரண்டும் மெதுவாக, மூன்றாவது ஓங்கி. டொக், டொக், டோங். நாலாவது அடி கிடையாது. நாலாவது அடித்தால் மரம் பிளந்துவிடும் என்பார்.

ஒரு தடவை எங்கள் மேடை விழுந்தது. ஏதோ ஒரு கூட்டம். பத்துப் பேருக்குப் போட்ட மேடையில் மாலை போடுகிறேன் என்று ஐம்பது அறுபது பேர் ஏறிவிட்டார்கள். நடுவில் உட்கார்ந்துவிட்டது. மாலை போட வந்த ஒருவருக்குக் கால் முறிந்தது. யாரும் எங்களைக் குறை சொல்லவில்லை. கடைக்காரரும் சொல்லவில்லை. மச்சான் மட்டும் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த ஆளைப் பார்த்துவிட்டு வந்தார்.

அதற்கப்புறம் ஒரு வழக்கம் வந்தது. மேடை போட்டு முடித்ததும் மச்சான் மரச்சுத்தியலை எடுத்துக்கொண்டு அதற்கு அடியில் போய் உட்கார்ந்துவிடுவார். விழா முடிந்து கடைசி ஆள் இறங்கும்வரை வெளியே வர மாட்டார். கல்யாணம், நாடகம், ஹரிகதை, பள்ளிக்கூட விழா, எது நடந்தாலும் அவருக்கு அது தலைக்கு மேலே. நாலு வருஷம் இப்படியே போனது. மைசூரில் அத்தனை மேடை போட்ட மனுஷன் ஒரு பாட்டுக் கச்சேரி கண்ணால் பார்த்ததில்லை. என் மனைவி கேலி செய்வாள். “எல்லாரு அண்ணனும் ஊட்டுல குடும்பம் நடத்துறாங்க. எங்கண்ணன் மேடைக்கு அடியில நடத்துறான்” என்பாள். மச்சான் சிரிப்பார். போவதை நிறுத்த மாட்டார். பயமாக இருக்கிறது என்று அவர் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. ஆனால் எனக்குத் தெரியும். மேடைமேல் ஏற வேண்டி வந்தால் சட்டம் போகிற கோட்டின் மேலேயே கால் வைத்து நடப்பார். பலகை நடுவில் கால் படாது. மற்றவர்கள் நம்பி ஏறி நின்றார்கள். போட்டவர் நம்பவில்லை. நல்ல வேலைக்காரர் இப்படி ஆகிவிட்டாரே என்று எனக்கு மனசுக்குள் இருந்துகொண்டே இருந்தது. அதற்கு என்ன செய்வது என்று மட்டும் தெரியவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருஷம், பொங்கல் போய் வெயில் ஏற ஆரம்பித்த சமயம், ஊருக்கு வெளியே இருந்த எஞ்சினியரிங் கல்லூரி ஒன்றிலிருந்து மேடை கேட்டு வந்தார்கள். மாணவர் தலைவர் கன்னடத்தில் விளக்கமாகச் சொன்னார். பெங்களூரிலிருந்து வாத்தியக் குழு வருகிறது. முப்பது வருஷமாக வாசிக்கிறவர்கள். “தும்ப சீனியரு”, ரொம்ப மூத்தவர்கள் என்று இரண்டு தடவை சொன்னார். மரியாதையாக மேடை இருக்கவேண்டும் என்றார். ராக் என்றும் நடுவில் ஒரு வார்த்தை சொன்னார். அது என்ன என்று நாங்கள் கேட்கவில்லை. முப்பது வருஷம் வாசித்த பெரியவர்கள் என்றதும் மச்சானுக்கு வேறு யோசனையே போகவில்லை. வீணைக் கச்சேரிக்கும் வாய்ப்பாட்டுக்கும் எப்படிப் போடுவோமோ அப்படிப் போட்டோம். மூன்றடி உயரம். மேலே மெத்தை. மெத்தைமேல் சலவைத் துணி. சாய்ந்துகொள்ள நாலு திண்டு. திண்டுக்குப் புது உறை போடச் சொன்னார் மச்சான். “பெரியவங்க, முதுகு வலிக்குமுங் மாப்ள” என்றார். ஏறுகிற படிக்கு மூங்கிலில் கைப்பிடியும் கட்டினார்.

விழா சாயந்திரம் ஐந்து மணிக்கு. அவர்கள் பதினோரு மணிக்கே வந்துவிட்டார்கள். ஒரு வேன், பின்னால் ஒரு லாரி. வேனிலிருந்து நாலு பேர் இறங்கினார்கள். பெரியவர்கள்தான், அதில் பொய் இல்லை. ஒருவருக்கு நரைத்த முடி முதுகுவரை தொங்கியது. ஒருவருக்கு முடியே இல்லை. பாடுகிறவர் இடது காலை இழுத்து இழுத்து நடந்தார். நாலாமவர் மூக்குக் கண்ணாடி விழாமல் இருக்கத் தலைக்குப் பின்னால் நாடா கட்டியிருந்தார். நாலு பேருக்கும் வெளுத்துப்போன ஜீன்ஸ். மேடைக்கு முன்னால் வந்து வரிசையாக நின்றார்கள். மெத்தையைப் பார்த்தார்கள். திண்டைப் பார்த்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு பாடுகிறவர் ஷூவைக் கழற்றினார். கைப்பிடியைப் பிடித்துப் படி ஏறினார். ஒரு திண்டைத் தலைக்கு வைத்துப் படுத்து, இன்னொன்றைக் காலுக்கு வைத்துக்கொண்டு, கண்ணை மூடிவிட்டார்.

கண்ணாடிக்காரர் எங்களிடம் வந்து தமிழில் பேசினார். “முப்பது வர்ஷத்துல யாரும் எங்களுக்கு இந்த மாதிரி மேடை போட்டுக் குடுத்ததில்ல அண்ணா. அவன இனிமே எழுப்ப முடியாது. ப்ரோக்ராம் கேன்சல்.” சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பெங்களூர் கண்டோன்மெண்டில் பிறந்து வளர்ந்த தமிழர் அவர். டிரம் அடிக்கிறவர்.

லாரியிலிருந்து பெட்டிகள் இறங்க ஆரம்பித்தன. அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. ஸ்பீக்கர் ஒவ்வொன்றும் ஆள் உயரம். டிரம் ஒன்று இரண்டு இல்லை, ஏழு. காலால் அடிக்கிற பெரியது கல்யாண வீட்டு அண்டா அளவு. மச்சான் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: “மாப்ள, இவங்க உக்கார்ற ஆளுக இல்லீங்.” பிறகு டிரம்காரரிடம் கேட்டார்: “ஏனுங் சாமி, நின்னுட்டா பாடுவீங்க?”

“நிக்கிறதா? குதிப்பம் அண்ணா. அதோ தூங்குறான் பாரு, முட்டி ஆபரேஷன் ஆன ஆளு. டாக்டர் குதிக்காதேன்னாரு. நாலு பேர்ல அவன்தான் ஜாஸ்தி குதிப்பான்.”

மச்சான் மேடையையும் பெட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தார். “அஞ்சு மணி வரைக்கும் நேரம் இருக்குதுங்” என்று மட்டும் சொன்னார். சொல்லிவிட்டு வேட்டியை அவிழ்த்து இறுக்கிக் கட்டினார்.

முதலில் மெத்தையை எடுக்க வேண்டும். மெத்தைமேல் பாடகர். எழுப்பலாமா என்று கேட்டேன். “பாவமுங், பெரியவர் தூங்கட்டும்” என்றார் மச்சான். நாலு மூலையை நாலு பேர் பிடித்தோம். மெத்தையோடு அப்படியே இறக்கி வேப்பமரத்தடியில் வைத்தோம். அவர் புரண்டு படுத்தாரே தவிர விழிக்கவில்லை. அடுத்தது முட்டு. எங்களிடம் இருந்ததுபோல் இரண்டு பங்கு வேண்டும். பக்கத்தில் கல்லூரி ஹாஸ்டலுக்குப் புதுக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. சென்ட்ரிங் வேலை செய்கிறவர்கள் தர்மபுரி ஆட்கள். நான் போய்க் கேட்டேன். அறுத்துப் போட்ட துண்டுக் கம்புகள் மலைபோல் கிடந்தன. “எடுத்துக்க, ஆனா எங்களுக்கும் பாட்டுத் தெரியணும்” என்றார் அவர்களுடைய மேஸ்திரி. மாடிக் கான்கிரீட்மேல் உட்கார்ந்தால் மைதானம் முழுக்கத் தெரியும், இதைவிட நல்ல இடம் பிரின்சிபாலுக்கும் கிடைக்காது என்றேன். அவர்களே தூக்கிக்கொண்டு வந்து போட்டார்கள். டிரம் வருகிற இடத்தில் முழத்துக்கு ஒரு முட்டு வைத்தோம். மச்சான் ஒவ்வொன்றுக்கும் ஆப்பு வைத்துக்கொண்டே போனார். டொக், டொக், டோங். நாலரை மணிக்கு முடிந்தது. வேப்பமரத்தடியில் பாடகர் எழுந்து உட்கார்ந்து, தான் எப்படி இங்கே வந்தோம் என்று மேலேயும் கீழேயும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மச்சான் மேடைக்கு அடியில் புகுந்தார். புகுமுன் என்னைப் படி ஓரமாக நிறுத்தினார். “நாலு பேரு, தப்புனா அஞ்சு. அதுக்கு மேல ஒரு ஆளு ஏறப்புடாதுங். மாலை, பொன்னாடை, ஒண்ணும் வேண்டாம். மந்திரியே வந்தாலும் கீழ நின்னு கும்புடச் சொல்லுங்க.”

நான் படியில் நின்றேன். அதனால்தான் எனக்கு எல்லாம் பார்க்கக் கிடைத்தது. சாமுண்டி மலைமேல் சாயந்திர வெயில் மஞ்சளாக விழுந்துகொண்டிருந்தது. டிரம்காரர் இரண்டு குச்சியையும் தலைக்கு மேலே தூக்கி ஒன்றோடொன்று நாலு தடவை தட்டினார். அடுத்த நொடி வந்த சத்தத்தில் மைதானத்து மரங்களில் இருந்த காக்கை அத்தனையும் கிளம்பிவிட்டது. எனக்கு அந்தப் பாட்டில் ஒரு வார்த்தை புரியவில்லை. ராகம் தாளம் எனக்கு எப்போதும் தெரியாது. ஆனால் சத்தம் காதில் விழவில்லை, நெஞ்சுக்கூட்டில் விழுந்தது. முதல் பாட்டில் பயமாக இருந்தது. இரண்டாவதில் பழகிவிட்டது. மூன்றாவதில் என் கால் தானாக ஆடுவதைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். படி ஏறக் கைப்பிடி தேடிய மனுஷர் அவர்தானா என்று பாடகரைப் பார்த்தபடி நின்றேன். இழுத்து நடந்த காலை மடக்கிக் குதித்தார். குதித்து இறங்கும்போது முகம் சுளிக்கும். வலிக்கிறது என்று தெரியும். மறுபடியும் குதிப்பார். முடி இல்லாதவர் கிடாரைத் தோளில் தாங்கி, ஒரு குழந்தையைத் தூங்க வைக்கிற மாதிரி கண்ணை மூடி ஆடிக்கொண்டிருந்தார். மாணவர்கள் நாற்காலியை எல்லாம் ஓரத்தில் தள்ளிவிட்டுக் குதித்தார்கள். ஹாஸ்டல் மாடியில் தர்மபுரி ஆட்கள் தலைத்துண்டை அவிழ்த்துச் சுற்றினார்கள். அத்தனை சத்தத்திலும் என் காது ஒரு பக்கம் மேடைக்கு அடியில்தான் இருந்தது. பலகை அதிர அதிர ஆப்பு தளரும். தளர்ந்த ஆப்பைத் தேடி மச்சான் குனிந்து தவழ்ந்துகொண்டிருப்பார் என்று தெரியும்.

ஒரு மணி நேரம் போயிருக்கும். ஒரு பாட்டின் நடுவில் மற்ற மூவரும் நிறுத்திவிட்டார்கள். டிரம்காரர் மட்டும் தனியாக வெளுத்து வாங்கினார். மழை ஓட்டுமேல் கொட்டுகிற மாதிரி. திடீரென்று மூச்சு வாங்க நிறுத்தினார். மைதானம் அமைதி. அந்த அமைதியில் எல்லா ஸ்பீக்கரிலும் கேட்டது: டொக், டொக், டோங்.

மச்சான்தான். ஆப்பு அடிக்கிறார். டிரம்முக்கு வைத்த மைக் அதைப் பிடித்துவிட்டது. டிரம்காரர் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு கீழே பலகையைப் பார்த்தார். பிறகு மெதுவாக அதே மாதிரி அடித்தார். இரண்டு மெதுவாக, ஒன்று ஓங்கி. அடியிலிருந்து உடனே வந்தது: டொக், டொக், டோங். மேலே இவர் மறுபடி அடித்தார். கீழே மறுபடி, இந்தத் தடவை வேகமாக. மாணவர்கள் இது ஏற்பாடு என்று நினைத்துக் கூரை இல்லாத மைதானத்தில் கூரை பறக்கிற மாதிரி கத்தினார்கள். பாடகர் குனிந்து பலகைச் சந்தில் கண்ணை வைத்துப் பார்த்தார். எனக்கு மட்டும் இது விளையாட்டாகப் படவில்லை. ஏனென்றால் மச்சான் நாலாவது அடியும் அடித்துவிட்டார். அவர் அப்படி அடித்து நான் கேட்டதே இல்லை.

படியை விட்டு உள்ளே புகுந்தேன். மச்சான் வேர்வையில் குளித்து, ஒரு தோளைச் சட்டத்துக்கு முட்டாகக் கொடுத்து உட்கார்ந்திருந்தார். “மாப்ள, எங்கியோ ஒரு முட்டு கழண்டுருச்சு. நான் அடிச்சா மேல அதுவும் அடிக்குது. நிறுத்துனா நிக்குது. அவங்கள எறங்கச் சொல்லுங். சீக்கிரம்!” என்றார்.

“முட்டு இல்லீங் மச்சா. டிரம்காரரு. உங்களுக்குப் பதில் அடிக்கிறாரு.”

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. “எனக்கா?” என்றார். தோளைச் சட்டத்திலிருந்து எடுக்கவில்லை. நான் சுற்றிப் பார்த்தேன். முட்டு எல்லாம் நட்டது நட்டபடி நின்றது. அவருடைய நாலாவது அடியில் ஒரே ஒரு ஆப்பு மட்டும் பிளந்திருந்தது. அதை மாற்றினோம். அதற்குள் மேலே மைக்கில் டிரம்காரர் குரல் கேட்டது. கன்னடத்தில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை. “கீழ ஒருத்தர் எங்கள விட நல்லா தாளம் போடுறாரு. கடைசிப் பாட்டு. அண்ணா, மேல வா.”

மச்சான் தலையை ஆட்டிவிட்டார். “நான் போனா இத யாரு பாக்கறது?” வெளியே கூட்டம் அண்ணா, அண்ணா என்று கத்த ஆரம்பித்தது. நான் சுத்தியலை அவர் கையிலிருந்து எடுத்தேன். அவர் விரலைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. “நான் பாத்துக்கறேன், போங்க மச்சா” என்றேன். நாலு வருஷமாக என்ன சொல்வது என்று தெரியாமல் இருந்தேன். சொல்ல வேண்டியது இவ்வளவுதான் போலிருக்கிறது. மச்சான் கடைசியாக ஒரு தடவை முட்டு எல்லாவற்றையும் பார்த்தார். பிறகு தவழ்ந்து வெளியே போனார்.

ஆக, அந்தக் கடைசிப் பாட்டை நான் பார்க்கவில்லை. அடியில் உட்கார்ந்து கேட்டேன். மேலே கேட்டதுபோல் இல்லை அது. சத்தம் தலை வழியாக இறங்கி முதுகெலும்பில் போனது. புழுதி கண்ணில் கொட்டியது. ஒவ்வொரு முட்டும் உயிர் உள்ளதுபோல் துடித்தது. பலகைச் சந்து வழியாகக் கால்கள் தெரிந்தன. முன்னால் நின்ற மூவருடைய மூன்று ஜோடி ஷூ. நடுவில் ஒரு ஜோடி வெறுங்கால், பித்த வெடிப்போடு. எனக்குத் தெரியும் அவர் எங்கே நிற்பார் என்று. அங்கேதான் நின்றார், சட்டத்தின் கோட்டின்மேல், ஒரு அங்குலம் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் இல்லாமல். பாட்டு ஏறிக்கொண்டே போனது. பாடகரின் ஷூ இரண்டும் குதித்தன, இறங்கின, குதித்தன. வெறுங்கால் அசையவில்லை. அப்புறம் வலது கால் கொஞ்சம் நகர்ந்தது. சட்டத்தை விட்டு இறங்கியது. இடது காலும் வந்தது. இரண்டும் பலகையின் நட்ட நடுவில். பலகை கொஞ்சம் வளைந்து கொடுத்தது. நான் சுத்தியலை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அந்த இரண்டு காலும் மேலே போயின. சந்தில் ஒரு விநாடி வெளிச்சம் மட்டும் தெரிந்தது. பிறகு தொப்பென்று என் தலைக்கு நேரே இறங்கின.

ஒரே ஒரு தடவைதான் குதித்தார். மேடை நின்றது.

விளக்குப் போடுகிற நேரத்தில் எல்லாம் முடிந்தது. டிரம்காரர் மச்சானைக் கட்டிப் பிடித்து, தன் குச்சி ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டு வேனில் ஏறினார். எப்படி இருந்தது என்று கேட்டேன். மச்சான் யோசித்துச் சொன்னார்: “வேன்ல இருந்து எறங்குனது வேற ஆளுக மாப்ள. மேல நின்னது வேற ஆளுக.” குச்சியை நகத்தால் கீறிப் பார்த்தார். “தேக்கும் இல்ல, ஈட்டியும் இல்ல. என்ன மரமோ, ஆனா கெட்டி” என்றார். மறுநாள் மேடையைப் பிரிக்க நான் கல்லூரிக்குப் போனபோது அதன் நுனியைத் தறித்துவிட்டு, தடித்த பாகத்தைச் சாய்வாக அறுத்து இரண்டு சிற்றாப்பு செய்து முடித்திருந்தார். பெரிய கலைஞர் ஞாபகமாகக் கொடுத்ததை இப்படியா செய்வது என்று மாணவர் தலைவர் தலையில் கை வைத்துக்கொண்டார். மச்சானுக்கு அவர் ஏன் வருத்தப்படுகிறார் என்று புரியவில்லை. நல்ல மரத்துக்கு இதைவிட என்ன மரியாதை? ஒன்று அவர் வைத்துக்கொண்டார். ஒன்று எனக்குக் கொடுத்தார்.

அவர் அடியில் உட்காருவதை விட்டுவிட்டார் என்று சொல்ல மாட்டேன். விடவில்லை. ஆனால் அதற்கப்புறம் எந்த விழாவானாலும் கடைசிப் பாட்டுக்கு, கடைசிக் காட்சிக்கு, நான் உள்ளே போவேன். சுத்தியலை வாங்கிக்கொள்வேன். அவர் மேலே போய்ப் படி ஓரம் நின்று பார்ப்பார். கடை இரும்பு மேடைக்கு மாறும்வரை இப்படித்தான். எல்லா நாடகத்துக்கும் முடிவு மட்டும் தெரிந்த மனுஷர் மைசூரில் அவர் ஒருவர்தான் என்று என் மனைவி கேலியை மாற்றிக்கொண்டாள்.

என் மகள் கல்யாணம் போன வருஷம் நடந்தது. சாயந்திர வரவேற்புக்குப் பாட்டுக் குழு வைத்திருந்தோம். மேடையில் மேல் பலகை தவிர எல்லாம் இரும்பு, போல்ட்டு முடுக்கியது. எழுபதைத் தாண்டிய மச்சான் ராமாபுரத்திலிருந்து வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பாதியில் பார்த்தால் நாற்காலி காலி. அண்ணனைக் காணோம் என்று என் மனைவி தேடினாள். நான் தேடவில்லை. மேடையைச் சுற்றிக் கட்டியிருந்த பட்டுத் துணியைத் தூக்கிப் பார்த்தேன். புது வேட்டி புழுதியாக, ஒரு இரும்புக் குழாயில் கையை வைத்துக் குந்தியிருந்தார்.

“போல்ட்டு போட்டிருக்காங்க மச்சா.”

“பாத்தேன். ஒரு கால் ஆடுச்சு. ஆப்பு வெச்சிருக்கேன்” என்றார். குழாய்க்கு அடியில் அவருடைய பாதிக் குச்சி இருந்தது. ராமாபுரத்திலிருந்து சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்.

“கடைசிப் பாட்டு. நான் பாத்துக்கறேன், போங்க.”

எழ முடியவில்லை. கை கொடுத்தேன். இடது காலை இழுத்து இழுத்து வெளியே போனார். நான் உட்கார்ந்தேன். தலைக்கு மேலே அவர் காலடி வந்தது. பலகை நடுவில் வந்து நின்றது.

ஊருக்குப் போகும்போது அந்த ஆப்பை என்னிடம் விட்டுவிட்டு என்னுடையதை எடுத்துப்போனார். ஏன் என்று கேட்கவில்லை. இரண்டும் ஒன்றுதான். இப்போது கதவுக்கு அடியில் இருப்பது அவருடையது. கொஞ்சம் தளர்வாகத்தான் நிற்கும். காற்று வந்தால் கதவு அதில் இரண்டு தடவை மெதுவாகத் தட்டும். நான் வேலையை நிறுத்திவிட்டு மூன்றாவதற்குக் காத்திருப்பேன்.